க்னாஃபா, ரேண்டம் ஹவுஸா?

க்னாஃப், ரேண்டம் ஹவுஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பதிப்பகங்களில் எனக்கு அதிகம் பிடித்தது எது என்பதுதான் கேள்வி. க்னாஃப் வெளியீடு எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். புத்தகம் எந்த எழுத்துருவில் அச்சாகியிருக்கிறது, அதை வடிவமைத்தவர் யார், அதன் பூர்வீகம் என்ன என்று ஒரு சின்னக் குறிப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும். அச்செழுத்துக்குக்கூட மரியாதை செய்கிற பதிப்பகம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

1915இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் க்னாஃபும் பிளான்ச்சும் சேர்ந்து தொடங்கியது அது. அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். அதன் சின்னமான ரஷ்ய வேட்டை நாய் பிளான்ச்சின் யோசனை. ஐரோப்பா முழுக்க அலைந்து எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்தவரும் அவர்தான். பிரெஞ்சு எழுத்தாளர்களான காம்யுவும் சிமோன் தி பொவ்வாரும் அமெரிக்க வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். ஆனால் பதிப்பகத்தின் பெயரில் கணவர் மட்டும்தான் இருக்கிறார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ரேண்டம் ஹவுஸின் குணமே வேறு. 1925இல் பென்னட் செர்ஃபும் டொனால்ட் க்ளாஃபரும் மாடர்ன் லைப்ரரி என்ற மலிவுப் பதிப்பு வரிசையை விலைக்கு வாங்கினார்கள். நல்ல இலக்கியம் 95 சென்ட்டுக்கு. அது சோறு போட்டது. அப்புறம், மனதுக்குப் பிடித்த வேறு சில புத்தகங்களையும் அவ்வப்போது போடலாம் என்று 1927இல் ரேண்டம் ஹவுஸைத் தொடங்கினார்கள். ‘ரேண்டம்’ என்றால் திட்டமில்லாமல், தோன்றியபடி என்று பொருள். பெயர் வந்தது அப்படித்தான்.

அவர்களுடைய துணிச்சலுக்கு யுலிஸஸ் வழக்கு ஒன்றே போதும். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் அந்த நாவலுக்கு, ஆபாசம் என்று அமெரிக்காவில் தடை. தடையை நீதிமன்றத்தில் எதிர்க்க வழி பிறக்கட்டும் என்று, பாரிஸில் அச்சான ஒரு பிரதியை வேண்டுமென்றே சுங்கத்தில் பிடிபட வைத்தார்கள். அந்தப் பிரதிக்குள் முக்கியமான விமர்சனங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். புத்தகத்தோடு அவையும் சேர்ந்து சாட்சியமாகும் என்ற கணக்கு. சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்காமலே அனுப்பப் பார்க்க, இவர்களுடைய ஆள் விடாப்பிடியாக நின்று திறக்க வைத்ததாகச் செர்ஃப் சொல்லியிருக்கிறார். 1933 டிசம்பரில் நீதிபதி ஜான் வூல்சி, நாவல் ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே புத்தகம் வெளிவந்தது.

சரி, ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் க்னாஃப் என்பேன். வழக்கில் ஜெயித்தது பெரிய காரியம்தான். ஆனால் தாள், எழுத்து, பைண்டிங் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதே அக்கறை காட்டுவது அதைவிடக் கடினம்.

1959இல் பங்குச் சந்தைக்குப் போன ரேண்டம் ஹவுஸ், 1960இல் க்னாஃபையே வாங்கிவிட்டது. வாங்கினாலும், எதைப் பதிப்பிப்பது என்ற முடிவை க்னாஃபிடமே விட்டது செர்ஃபின் பெருந்தன்மை. பெங்குயின் பதிப்பகமும் வந்து சேர்ந்து, 2013 முதல் எல்லாம் ஒரே நிறுவனம். க்னாஃப் புத்தகங்களில் மட்டும் அந்த நாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.