60 ஆயிரத்துக்குள் முதல் பைக்: பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ் தேறுமா?

கையில் 60 ஆயிரம் இருக்கிறது, அதற்கு மேல் வீட்டில் ஒரு ரூபாய் பெயராது என்றால் புது பைக் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது, ஷோரூம் விலையும் இறங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 10 சதவீத ஆயுள் வரி, ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், ‘ஃபிட்டிங்ஸ்’ என்று கடைக்காரர் தள்ளிவிடும் சாமான்கள் எல்லாம் ஏறினால், சாதாரண 100 சிசி வண்டியே ரோட்டுக்கு வரும்போது 90 ஆயிரத்தை ஒட்டி நிற்கும்.

மிச்சம் இருப்பது செகண்ட் ஹேண்ட். அதே பணத்துக்குக் கன்சல்டிங் கடையில் மூன்று ரகம் காட்டுவார்கள். நான்கைந்து வயதான 100 சிசி வண்டி, எட்டுப் பத்து வயதான 150 சிசி, மூன்று நான்கு கை மாறி அடிபட்ட 200 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டி. முதல் பைக் வாங்குபவர் கண் மூன்றாவதில்தான் போய் நிற்கும். அங்கே நிற்பதற்கு முன் ஒரு கணக்கு. தினமும் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 தரும் வண்டிக்கு 12.5 லிட்டர், 35 தரும் வண்டிக்கு 21 லிட்டருக்கு மேல். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 900 ரூபாய் வித்தியாசம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் 2022 ஜூனில் வந்த விகிதப்படி 75 முதல் 150 சிசிக்கு 714 ரூபாய், 150ஐத் தாண்டினால் 1,366, வரி தனி. பின் டயர், செயின் செட், கிளட்ச் என்று ஒவ்வொன்றும் அதே விகிதத்தில் ஏறும். வாங்குவது சுலபம், தீனி போடுவதுதான் கஷ்டம்.

ஆகவே இங்கே எடை போடுவது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதியின் ஆறாம் நிலை) ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஓட்டமும் கண்டிஷனும் பொறுத்து 45 முதல் 60 ஆயிரம் வரை சொல்வார்கள். 48க்கு மேல் போகாதீர்கள். மீதி 12 ஆயிரத்துக்கு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறது.

வண்டியைப் பற்றி: 97.2 சிசி, எட்டு குதிரைத்திறன், நான்கு கியர். நான்கும் முன்பக்கம் மிதித்தே ஏறும். பின்பக்கம் குதிகாலால் மிதித்தால் இறங்கும். வேறு வண்டியில் ஓட்டப் பழகியவருக்கு முதல் இரண்டு நாள் குழம்பும். எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். சராசரி உயரம் உள்ளவருக்கு இரண்டு காலும் தரையில் ஊன்றும், நெரிசலில் தள்ளித் திருப்பலாம். நகரத்துக்குள் 60 முதல் 65 மைலேஜ் நிதானமாக ஓட்டினால் கிடைக்கும். 70க்கு மேல் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கவும்.

இதன் உண்மையான பலம் இன்ஜினில் இல்லை, பெட்டிக்கடை அளவு மெக்கானிக் ஷெட்டிலும் இதன் பாகம் தொங்குகிறது என்பதில் இருக்கிறது. கிளட்ச் கேபிள் அறுந்தால் எந்த ஊரிலும் அரை மணி நேர வேலை. காலேஜ் மாணவருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

குறைகளும் சின்னவை அல்ல. இரண்டு பக்கமும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரைக்கும் அது கட்டாயம். ஆனாலும் மழையில் இரண்டு பேரோடு 60இல் போய்க்கொண்டிருக்கும்போது நாய் குறுக்கே வந்தால், டிஸ்க் பிரேக் வண்டி நிற்கும் இடத்தில் இது நிற்காது. டயர் ஒல்லி, மணல் கிடக்கும் வளைவில் வழுக்கும். 60 வரை வெண்ணெய் மாதிரி ஓடும்; 80ஐத் தொட்டால் ஹேண்டிலும் ஃபுட்ரெஸ்ட்டும் நடுங்கும். ஹெட்லைட் தெருவிளக்கு உள்ள ஊருக்குத்தான் சரி. வாரா வாரம் ஊருக்கு 200 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் போகும் உத்தேசம் இருந்தால் இது உங்கள் வண்டி அல்ல, அதற்குப் பஸ் இருக்கிறது.

இனி கடையில் போய்ப் பார்ப்பது.

காலையில் போங்கள், வருவதாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். போனவுடன் சாவி கேட்காமல் இன்ஜின் ஃபின்களில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆற விட்டுத்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் எஃப்ஐ (இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம், கோளாறை மறைக்க விளக்கைக் கழற்றியிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் முனையைப் பாருங்கள். முதல் சில நொடி மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு ஆயில் சீல். ஆக்சிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆஃப் இன்ஜின் வேலை, அதாவது இன்ஜினின் மேல் பாதியைப் பிரிக்கும் வேலை, காத்திருக்கிறது. குளிர்காலக் காலையில் வெள்ளையாக ஆவி வந்தால் பயப்பட வேண்டாம், அது ஈரம். இடது பக்கம் காதை வைத்தால் ‘டிக் டிக்’ என்று சீரான சத்தம் கேட்கலாம். சூடானதும் குறைந்தால் விட்டுவிடலாம். சங்கிலியைத் தகரத்தில் தேய்ப்பது போல ‘சர சர’வென்றால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. அது பேரம் பேசக் காரணம், வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை.

ஆயில் ஸ்டிக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாக இருப்பதில் தவறில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சென்னையில் இது முக்கியம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்தாலும் சீட்டைத் தூக்கினால் மூலைகளில் காய்ந்த வண்டல் ஒட்டியிருக்கும்; வயர் கப்ளரைப் பிரித்தால் பித்தளை முனை பச்சை பூத்திருக்கும். பச்சையைப் பார்த்தால் வண்டியை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். எஃப்ஐ வண்டியில் வயரிங் கோளாறு தீராத நோய்.

இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டும் அதன் கீழே உள்ள பிளாக்கும் சேரும் இடங்களில் விரலை ஓட்டுங்கள். சாம்பல் நிறப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தால், போல்ட் முனைகள் மழுங்கியிருந்தால், இன்ஜின் வெளிக்கடையில் பிரித்து மாட்டியது. ஏன், எப்போது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மீட்டரில் 18 ஆயிரம் காட்டும் வண்டியில் இன்ஜின் பிரித்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. பிரேக் பெடல் தேய்ந்து வழவழவென்று மின்னுவதும், ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் கோடு அழிந்திருப்பதும், சாவி துவாரம் அகன்றிருப்பதும் அதே சாட்சியைத்தான் சொல்லும். கைப்பிடி ரப்பரை மட்டும் நம்பாதீர்கள், அதை மாற்ற நூறு ரூபாய் போதும்.

நடு ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்பினால் நேர் நிலையில் ‘கட்’டென்று ஓர் இடத்தில் உட்காருகிறதா? கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போயிருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் ‘டொக்’ என்றாலும் அதேதான். இதற்குச் செலவு கொஞ்சம்தான். கவலைப்பட வேண்டியது வேறு: நேர்ச்சாலையில் 40இல் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஃபோர்க்கோ சேஸிஸோ கோட்டம். விழுந்து எழுந்த வண்டி. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பின் சக்கரத்தைப் பிடித்து இட வலமாக ஆட்டினால் ஆட்டம் இருந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. செயின் கவரைக் கழற்றச் சொல்லி, பின் ஸ்ப்ராக்கெட்டின் (பின் பல்சக்கரம்) கடைசியில் செயினை விரலால் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் முழுசாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், தேய்ந்த பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

ஐ3எஸ் வண்டி என்றால் அதையும் சோதியுங்கள். நியூட்ரலில் கிளட்சை விட்டு நின்றால் ஐந்து நொடியில் இன்ஜின் தானே அணையும், கிளட்ச் பிடித்தால் எழும்பும். இன்ஜின் சூடாகியும் அது வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்திருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து வயதைத் தாண்டிய டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் பிடிமானம் போயிருக்கும்.

பேப்பர் விஷயத்தில்தான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கழுத்துப் பக்கம் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்ஷூரன்ஸ் தேதி, ஃபைனான்ஸ் பாக்கி, எத்தனையாவது ஓனர் எல்லாம் தெரியும். ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) 35ஆம் எண் படிவமும் கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வேறு ஆர்டிஓ எல்லைக்குப் போகிறது என்றால் 28. ‘கையெழுத்துப் போட்ட ஃபார்ம் தந்துவிட்டோம், அப்புறம் மாத்திக்கலாம் தம்பி’ என்பதுதான் கன்சல்டிங் கடையின் நிரந்தர வசனம். ஆன்லைனில் போடும்போது பழைய ஓனரின் போனுக்கு ஓடிபி போகும். ஆறு மாதம் கழித்து அவர் எங்கே என்று கடைக்காரருக்கே தெரியாது. விலையில் மூவாயிரத்தை நிறுத்தி வைத்து, புது ஆர்சி உங்கள் பெயரில் வந்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஓனரின் பெயரில் இருக்கும் இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நிலுவை இ-சலான் இருந்தால் விற்பவர் கட்டட்டும்.

அந்த 12 ஆயிரம்: பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் போக, வாங்கிய அன்றே இன்ஜின் ஆயில் 10டபிள்யூ30 (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும்), ஏர் ஃபில்டர், பிளக், இரண்டு பிரேக் ஷூ, இரண்டு கேபிள். கடைக்காரர் ‘போன வாரம்தான் மாத்தினது’ என்றாலும் மாற்றுங்கள். லேபரோடு மூவாயிரத்துக்குள் முடியும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு, பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி வேண்டும். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். மீதி, டயருக்கோ செயின் செட்டுக்கோ.

இதற்கு மாற்றாக ஹோண்டா ஷைன் 100 (2023 மார்ச்சில் வந்தது) 99 கிலோதான், இன்னும் லேசு. பழையது குறைவாகக் கிடைக்கும், விலையும் பெரிதாக இறங்கவில்லை. பிளாட்டினா குண்டும் குழியுமான கிராமச் சாலைக்கு ஸ்ப்ளெண்டரைவிட மேல், மறுவிற்பனையில் கீழ். அதாவது வாங்குபவருக்கு அதே வயதுள்ள ஸ்ப்ளெண்டரைவிட நான்கைந்து ஆயிரம் மலிவு. மானம் ரோஷம் பார்க்காதவர்கள் அதையே எடுக்கலாம். டிவிஎஸ் ரைடர் 125 இந்த விலைக்கு வந்தால் முதலில் அடிபட்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு: 3,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில், 500க்கு ஒரு முறை செயினுக்கு லூப், செயின் தொய்வு நடுவில் 20 முதல் 30 மில்லிமீட்டர். இறுக்கி விட்டால் நல்லது என்று நினைப்பவர்கள்தான் பேரிங்கை உடைக்கிறார்கள். தனியாகப் போனால் முன் டயரில் 25, பின் டயரில் 28 காற்று. ஆளை ஏற்றினால் பின்னால் கூட்ட வேண்டும். பிஎஸ்6இல் ரிசர்வ் குமிழ் கிடையாது, முள் அடியைத் தொடும்வரை ஓட்டினால் டேங்கின் அடிக்கசடு பம்புக்குத்தான் போகும். இந்த வண்டிக்குப் பழைய பாகம் எங்கும் விலை போகும் என்பது திருடர்களுக்கும் தெரியும். ஹாஸ்டல் வாசலில் இரவு விடுவதாக இருந்தால் ஹேண்டில் லாக்கோடு நிற்காமல் முன் சக்கரத்தில் தடித்த சங்கிலி ஒன்று போட்டு, அதைத் தூணோடோ கேட்டோடோ சேர்த்துப் பூட்டுங்கள்.