ஜி.ஹெச் ஏ.ஆர்.டி சென்டர்: கர்ப்பமா இருந்தப்போ போயிட்டு வந்த அனுபவம்

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஊர் பேரு போட மாட்டேன், போட்டா அங்க வேலை பாக்குறவங்களுக்கும் சங்கடம் எனக்கும் சங்கடம், எங்க மாவட்டத்து பெரியாஸ்பத்திரின்னு மட்டும் வெச்சுக்கோங்க. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஹெச்.ஐ.வி இருக்கு, நாலு வருஷமா அங்க ஏ.ஆர்.டி சென்டர்லதான் அதுக்கான கூட்டு மருந்து வாங்குறோம், பைசா செலவு கிடையாது.

மொதல்ல மாத்திரைய பத்தி சொல்லிடறேன். டிஎல்டின்னு சொல்வாங்க, டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூணும் ஒரே மாத்திரைக்குள்ள. ஒரு நாளைக்கு ஒண்ணு, டப்பாவுல 30 இருக்கும். முழுங்குறதுல பெரிய கஷ்டம் எதுவும் இல்ல. ஆனா அந்த டப்பா இருக்கே, பஸ்ல கையில பை வெச்சுட்டு உக்காந்தா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும், பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் என் பையவே பாக்குற மாதிரி இருக்கும்.

நாள் தள்ளிப்போயி கார்டுல ரெண்டு கோடு வந்த அன்னிக்கு சந்தோஷத்துல போன எடுத்து டோலுடெக்ராவிர் கர்ப்பம்னு தேடினேன், அதான் நான் பண்ணின மொத தப்பு. போட்ஸ்வானாவுல 2018ல 426 பேர்ல 4 பேர் குழந்தைக்கு தண்டுவடத்துல குறைன்னு ஒரு பழைய செய்தி வந்துச்சு. அவ்ளோதான், ரெண்டு ராத்திரி மாத்திரையே போடல. அவருகிட்ட கூட சொல்லல, அலாரம் அடிச்சா அமத்திட்டு படுத்துக்குவேன், தூக்கம் மட்டும் வரல.

மூணாவது நாள் சென்டருக்கு போயி, அங்க ஆலோசனை சொல்ற கவுன்சிலர் அக்காகிட்ட அழுதுட்டேன். அவங்க சேர இழுத்து பக்கத்துல போட்டுக்கிட்டு, "ஏம்மா, ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"ன்னாங்க. அப்புறம் டாக்டரே கூப்பிட்டு வெச்சு சொன்னாரு, அது ஆரம்பத்துல வந்த கணக்கு, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான பேர பாத்ததுல மத்த மருந்து சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் அந்த வித்தியாசமே இல்லாம போயிடுச்சு, 2019லயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிங்களுக்கும் இதையே மொத மருந்தா குடுக்கச் சொல்லிடுச்சுன்னு. மருந்தே இல்லாம பெத்து பால் குடுத்தா நூறு குழந்தைல 15லேர்ந்து 45 வரைக்கும் ஹெச்.ஐ.வி தொத்திக்குமாம், ஒழுங்கா சாப்பிட்டா அஞ்சுக்கும் கீழ. இந்தக் கணக்க கேட்டப்புறம் அந்த ரெண்டு ராத்திரிய நெனச்சாதான் எனக்கு வயித்த கலக்குச்சு.

ஒரு ஸ்டார் கொறச்சதுக்கு காரணம் வேற. கர்ப்பிணி ஓபி ஒரு பில்டிங், ஏ.ஆர்.டி ஒரு பில்டிங், ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே கிடையாது போல. ஓபில சத்து மாத்திரையும் கால்சியமும் கைநிறைய குடுத்து "காலைல ராத்திரி கால்சியம், மத்தியானம் இரும்பு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க, நானும் எட்டு மணிக்கு சாப்பிட்டுட்டு பத்து மணிக்கு படுக்கப்போறப்போ டிஎல்டியும் கால்சியமும் சேத்து ஒரே மடக்குல முழுங்கிட்டு இருந்தேன். ஒரு மாசம் யாருமே கேக்கல. அக்காதான் பச்சை புக்க பொரட்டிக்கிட்டே சும்மா கேக்குற மாதிரி "சத்து மாத்திரை எத்தன மணிக்கு போடுற?"ன்னாங்க. நான் சொன்னதும் பேனாவ கீழ வெச்சுட்டாங்க.

விஷயம் என்னன்னா இரும்பும் கால்சியமும் வயித்துக்குள்ள டோலுடெக்ராவிர பிடிச்சுக்குமாம், ரத்தத்துல ஏற விடாது. ஒண்ணு, சாப்பாட்டோட எல்லாத்தையும் சேத்து போடணும், இல்லன்னா டிஎல்டிய ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் கழிச்சோ போடணும். நெஞ்செரிச்சலுக்கு குடிக்கிற பிங்க் சிரப்பு இன்னும் மோசம், அத சாப்பாட்டோட கூட சேக்கக்கூடாது, அதுக்கும் அதே ரெண்டு மணி ஆறு மணி இடைவெளிதான். எனக்கு ஒரு பழைய காலண்டர் பின்பக்கத்துல எழுதி குடுத்தாங்க, காலைல ஆறுக்கு டிஎல்டி, எட்டரைக்கு டிபனோட கால்சியம், மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இரும்பு, ராத்திரி சாப்பாட்டோட இன்னொரு கால்சியம். ஆறு மணி அலாரத்துக்கு "பால் பாக்கெட்"னு பேரு வெச்சேன், அத்தைக்கு எங்க விஷயம் தெரியாது. உங்க வீட்டு நேரம் வேற மாதிரி இருக்கும், உங்க சென்டர்லயே உக்காந்து கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

எட்டாம் மாசம் வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்ளோ இருக்குன்னு பாக்குற டெஸ்ட் எடுத்தாங்க, டிஎன்டின்னு வந்துச்சு, அதாவது மெஷினுக்கே சிக்கல. அதனால சுகப்பிரசவமே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா பிரசவ வார்டுல கேஸ் ஷீட்டுக்கு மேல செவப்பு மையில கொட்டை எழுத்துல ஹெச்.ஐ.வின்னு எழுதி கட்டில்ல தொங்க விட்டிருந்தாங்க. ஆயாம்மாலேர்ந்து பக்கத்து பெட்டு சொந்தக்காரங்க வரைக்கும் படிக்கலாம். நம்ம அனுமதி இல்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017லயே சட்டம் போட்டாச்சு, 2018லேர்ந்து அமல்லயும் இருக்கு, வலியோட வலியா இத வேற வீட்டுக்காரரு போயி பேசி ஷீட்ட மாத்த வேண்டியதா போச்சு. அந்த வார்டுக்கு மட்டும் தனியா ரிவியூ போடச் சொன்னா ஒரு ஸ்டார் கூட யோசிப்பேன்.

பொண்ணு, 2.8 கிலோ. பாப்பாவுக்கு தொத்தாம இருக்க நெவிரப்பின் சிரப்பு ஒன்றரை மில்லி தெனம் ஒரு தடவ, ஆறு வாரம். சிரிஞ்சுல கோடு பாத்து எடுக்க அக்கா மூணு தடவ என்னையே செய்ய வெச்சாங்க, மொத தடவ பாதி என் சேலையில. தாய்ப்பால் மட்டும்தான் ஆறு மாசத்துக்கு, கலந்து குடுக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, இங்க அத்தை சேனை வைக்க சர்க்கரைத் தண்ணியோட ரெடியா நிக்குறாங்க. "மஞ்சக்காமாலை வரும்னு டாக்டரம்மா திட்டுவாங்க அத்தை"ன்னு ஒரு பொய்ய சொல்லி சமாளிச்சேன். என் மாத்திரை இப்பவும் தெனம் ஆறு மணிக்கு ஓடுது.

ஆறாவது வாரம் குதிகால்ல குத்தி அட்டையில ரத்தப் பொட்டு வெச்சு அனுப்பினாங்க, நெகட்டிவ். ஆறு மாசத்துலயும் நெகட்டிவ். பன்னெண்டு மாசத்துல ஒண்ணு, பதினெட்டுல கடைசி டெஸ்ட், அதுவரைக்கும் பாப்பா கால பாத்துட்டேதான் இருப்பேன்.

புதுசா போறவங்க திங்கக்கிழமை போகாதீங்க, டோக்கன் வாங்கவே பத்து மணியாயிடும். சந்தேகம்னா ஹெச்.ஐ.வி ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, காசு கிடையாது. அப்புறம் வீட்லேர்ந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு போங்க, டப்பாவ தெறந்து மாத்திரைக்கு மேல வெச்சு மூடிட்டா பஸ்ல சத்தமே வராது.