ஆடும் பல்லைக் காப்பாற்றுவதா, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போடுவதா?

அம்மா கட்டைவிரலால் கீழ்க் கடைவாய்ப் பல்லை உள்ளிருந்து வெளியே தள்ளிக் காட்டினார். பல் நகர்ந்தது. "முறுக்கை விட்டு ஒரு வருஷமாச்சு, இப்ப சப்பாத்திக்கே யோசிக்க வேண்டியிருக்கு" என்றார். வயது 61. சர்க்கரை நோய் 12 வருடமாக இருக்கிறது.

முதலில் போன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐந்தே நிமிடத்தில் முடிவும் சொல்லிவிட்டார்கள்: கீழே நாலு பல்லை எடுத்துவிடலாம், நாலு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் வைக்கும் பல்) போடலாம். ஈறை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனசு கேட்காமல் ஈறு நோயில் எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் ஒரு பல்லை மட்டும் எடுக்க வேண்டும், மற்ற மூன்றைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். ஒரே வாய், ஒரே வாரம், இரண்டு விதமான பேச்சு. இந்த இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவருக்குப் பல் ஆடிக்கொண்டிருக்கலாம்.

டாக்டரம்மா செய்த முதல் வேலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். "மூணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார். இடது கடைவாய்க்கு வந்ததும் "ஆறு, ஏழு, ஆறு" ஆனது. மூன்று மி.மீ. வரை சரி. நாலும் அதற்கு மேலும் போனால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போல ஆகிவிட்டது என்று பொருள். ஆறு, ஏழு என்றால் எந்த பிரஷ்ஷும் எட்டாத ஆழம். அளக்காமல் எந்தப் பல் தேறும், எது தேறாது என்று எப்படிச் சொல்ல முடியும்? எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். பையின் ஆழத்தை இந்தக் கம்பிதான் காட்டும்.

ஈறு நோய் சத்தமில்லாமல் வருவது. பல்லில் படியும் கிருமிப் படலத்தை எதிர்த்து உடம்பு போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் வீக்கமே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. துப்பும்போது ரத்தம், வாய் நாற்றம், பல்லுக்கு நடுவே சந்து, கடைசியில் ஆட்டம். எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வருவதும் இல்லை. ஹெரால்ட் லோ என்ற நார்வேக்காரரும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் மருத்துவம் என்பதே எட்டாத மனிதர்கள். எல்லோர் பல்லிலும் காரை, அதாவது இறுகிக் கல்லாகிப்போன அழுக்கு, படிந்திருந்தது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமாகப் போனது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அந்தத் தொழிலாளர்களுக்கு யாராவது நேரத்தில் வைத்தியம் செய்திருக்கலாமே என்ற வருத்தம் இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருக்கிறது. ஈறு நோயைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும் பங்கு அவர்கள் வாயிலிருந்து வந்தது.

முதல் வழி: ஈறுக்கு வைத்தியம்

முதலில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையை எடுத்துச் சுத்தம் செய்வது. அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. சில வாரங்கள் விட்டு மறுபடி அளப்பார்கள். பல பைகள் இதிலேயே சுருங்கிவிடும். சுருங்காத இடத்தில் ஈறை லேசாகத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவார்கள். எலும்பில் பள்ளம் தோதாக இருந்தால் எலும்புத் தூள் வைத்து நிரப்புவதும் உண்டு.

"ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும், வேண்டாம்" என்று பெரியம்மா போனிலேயே தடுத்தார். இந்தப் பேச்சு நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பல்லைச் சுற்றிக் காரை சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகிறது. ஆட வைத்தது காரையும் அதன் மேல் குடியிருக்கும் கிருமியும். எடுத்த பிறகு ஈறு இறுகி, லேசாக ஆடிய பல் பலருக்கு நின்றும் போகும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. வீக்கம் வடிந்ததும் ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரியும். ஐஸ் தண்ணீர் கூசும். எல்லாவற்றையும்விட, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் செலவழித்தது வீண். ஒழுங்காகப் போகிறவர்கள் பத்து வருடத்தில் சராசரியாக ஒரு பல் என்ற அளவில்தான் இழக்கிறார்கள். ஆடும் பல் என்று கைகழுவிவிடப்படும் பற்களுக்கு இது மிக நல்ல கணக்கு.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம். ஈறுக்கு வைத்தியம் பார்த்த மூன்று நாலு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு சராசரியாக 0.4 புள்ளி வரை இறங்குவது ஆய்வுகளில் பலமுறை தெரிந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கித் திருகு வைப்பது மாதிரி பளிச்சென்று தெரியும் வேலை இல்லை என்பதால் இந்த வைத்தியத்துக்கு உரிய மரியாதை கிடைப்பதே இல்லை.

இரண்டாம் வழி: எடுத்துவிட்டு இம்ப்ளான்ட்

இம்ப்ளான்ட் அருமையான விஷயம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமே இல்லை. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனமார்க் 1950களில் எலும்பு டைட்டானியத்தோடு ஒன்றிப்போவதைக் கண்டார். 1965இல் தாடைக் குறைபாடு இருந்த கோஸ்டா லார்சன் என்பவருக்கு அந்தத் திருகுகளைப் பொருத்தினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவை வேலை செய்தன. இன்றும் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாயில் நிற்கின்றன.

ஆனால் வேலை நீளமானது. பல்லை எடுத்தபின் இரண்டு மூன்று மாதம் ஆற விடுவது வழக்கம். அதற்குள் அந்த இடத்து எலும்பு மெலியும். ஒரு வருடத்தில் அகலம் பாதியாகக்கூடக் குறையும் என்பதால் ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, கீழ்த் தாடை என்றால் உள்ளே ஓடும் நரம்பு எங்கே என்று பார்ப்பார்கள். மேல் தாடை என்றால் சைனஸ் அறைக்குக் கீழே எலும்பு போதுமா என்று பார்ப்பார்கள். திருகு போட்டு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருந்த பின்தான் கேப். ஒரே நாளில் பல் வைப்பதும் உண்டு. அது எலும்பு நன்றாக இருக்கும், தேர்ந்தெடுத்த சிலருக்கு.

இனிதான் முக்கியமான இடம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனுக்கு நார்ப் படலம் இருக்கிறது. சோற்றில் சின்னக் கல் கடிபட்டால் சட்டென்று வாய் நிற்பது அதனால்தான். ஈறின் நார்கள் வேருக்குள் புதைந்து பூட்டுப் போட்ட மாதிரி பிடித்திருக்கும். இம்ப்ளான்டில் அந்தப் படலமும் இல்லை, பூட்டும் இல்லை. ஈறு அதைச் சுற்றி ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். கிருமி உள்ளே இறங்கினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வில், இம்ப்ளான்ட் போட்டவர்களில் சராசரியாக 22 சதவீதம் பேருக்கு இப்படி எலும்பு கரையும் நோய் இருந்தது. 43 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையான ஈறு வீக்கம். யாருக்கு அதிகம் வருகிறது? ஈறு நோயால் பல்லை இழந்தவர்களுக்கு. புகைப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூடும்.

ஆக, ஈறு நோயோடு நாலு பல்லை எடுத்துவிட்டு அதே வாயில் நாலு இம்ப்ளான்ட் போட்டால், பக்கத்துப் பற்களில் இருக்கும் கிருமி அங்கேயும் குடியேறும். ஈறு வைத்தியத்தை இம்ப்ளான்டுக்குப் பதில் என்று பார்ப்பதே தவறு. பல்லை வைத்துக்கொண்டாலும் எடுத்தாலும், முதலில் நடக்க வேண்டியது அதுதான். எங்களுக்கு முதலில் கிடைத்த ஆலோசனையில் எனக்குக் கோபம் வந்தது இதற்காகத்தான். இம்ப்ளான்ட் சொன்னதற்காக இல்லை, ஈறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததற்காக.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்?

பக்கவாட்டில் மட்டும் ஆடினால் யோசிக்கலாம். அழுத்தினால் கீழே இறங்கி எழும்பும் பல்லை வைத்திருப்பதில் பலன் இல்லை. வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தால், சீழ் திரும்பத் திரும்ப வந்தால், வேர் நுனிவரை எலும்பு போயிருந்தால் எடுப்பதே நல்லது. அம்மாவின் வலது கடைவாய்ப் பல் அப்படித்தான் இருந்தது. இரண்டு வேருக்கும் நடுவே எலும்பு முழுக்கக் கரைந்து, இந்தப் பக்கம் விட்ட கருவி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அதை எடுப்பதில் டாக்டரம்மா தயங்கவே இல்லை.

எடுத்த இடத்துக்கு இம்ப்ளான்ட் ஒன்றே வழி என்பதும் இல்லை. இருபக்கத்துப் பற்களைத் தூணாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் சில வாரத்தில் முடிந்துவிடும், அறுவை இல்லை. ஆனால் இருபுறமும் நல்ல பல்லை ராவ வேண்டும். அந்தப் பற்களே ஈறு பலமில்லாதவை என்றால் ஆடும் தூணில் பாலம் கட்டுவதுதான். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப் இருந்தால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. கழற்றி மாட்டும் பல் செட் மலிவு. பழக நாளாகும், கடிக்கும் பலம் குறைவு. தனியாக ஒரு கடைவாய்ப் பல்லுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

யாரிடம் போவது என்று பலர் கேட்கிறார்கள். இம்ப்ளான்டை ஈறு நிபுணரும் போடுகிறார், முக அறுவை நிபுணரும் பல் கட்டும் நிபுணரும் போடுகிறார்கள், பயிற்சி பெற்ற பி.டி.எஸ். டாக்டர்களும் போடுகிறார்கள். பல் ஆடுகிறது, ரத்தம் வருகிறது என்றால் முதல் ஆலோசனை ஈறு நிபுணரிடம் இருக்கட்டும் என்பது என் கருத்து. செலவு பயமாக இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் மற்றப் பல் கல்லூரிகளிலும் ஈறு நோய்க்குத் தனித் துறையே இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அளந்து, எழுதி, நிதானமாகச் செய்வார்கள். எங்கே போனாலும் எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளால் பல் எடுத்த இடத்துத் தாடை எலும்பு ஆறாமல் போகும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அம்மாவுக்கு ஈறு வைத்தியம் இரண்டு மாதம் நடந்தது. முருங்கைக்காய் நாரை ஊக்கால் நோண்டும் பழக்கத்தை விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. இப்போது பல்லிடுக்கு பிரஷ் ஒன்று கண்ணாடிப் பக்கத்தில் தொங்குகிறது. மூன்றாம் மாதம் மறுபடி அளந்தபோது ஏழு நாலாகியிருந்தது. ஒரு இடம் மட்டும் ஐந்தில் நின்றது, அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஈறில் ரத்தம் நின்றபின், எடுத்த அந்த ஒரு பல்லுக்கு மட்டும் இம்ப்ளான்ட் போட்டார்கள். திருகு வந்த டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். பிற்பாடு வேறு ஊரில் கேப் கழன்றால் அந்த எண் இல்லாமல் தடுமாற வேண்டும். கேட்டு வாங்கி, அம்மாவின் சர்க்கரை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அடுத்த மூன்று மாதத் தேதி.