சிறுகுடலைக் காத்த திட்டமிடல்: டர்பன் தனியார் கதிர்வீச்சுப் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

டர்பனில் ஒருவருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை என்று கேள்விப்பட்டால், "மெஷின் ஓடுகிறதா?" என்றுதான் நம்மவர்கள் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளில் கருவிகளும் நிபுணர்களும் போதாமையால் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்பட்டதாகத் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் 2017-இல் அறிக்கையே வெளியிட்டது. கருவி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: கதிர் படக்கூடாத இடத்தைக் காக்க இவர்கள் என்ன செய்கிறார்கள்? என் அக்காவுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்காகக் கருப்பை அகற்றப்பட்ட பின், இந்நகரின் தனியார் பிரிவு ஒன்றில் இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு தரப்பட்டது. அந்தப் பிரிவை அந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். வரவேற்பறையைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

இடுப்பு முழுவதற்கும் கதிர் தேவைதானா என்பதை மருத்துவர் முதலிலேயே பேசியது எனக்குப் பிடித்திருந்தது. 427 பெண்கள் பங்கேற்று 2010-இல் முடிவு வெளியான போர்டெக்-2 என்னும் டச்சு ஆய்வில், இடுப்புக்கு வெளிப்புறக் கதிர் பெற்றவர்களிடமும், பிறப்புறுப்பின் மேல்நுனிக்கு மட்டும் பிராக்கிதெரபி (கதிர்மூலத்தை உள்ளேயே வைத்துத் தரும் சிகிச்சை) பெற்றவர்களிடமும், நோய் அந்த நுனியில் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவில்தான்: 1.6, 1.8 விழுக்காடு. சிகிச்சை முடியும் தறுவாயில் வயிற்றுத் தொல்லை இருந்தவர்களோ முதல் பிரிவில் 53.8 விழுக்காடு, இரண்டாவதில் 12.6 விழுக்காடு. ஆகவே, நடுத்தர அபாயத்தில் இருக்கும் பலருக்கு இடுப்புக்குக் கதிர் தராமல் விடுவதே குடலுக்குச் செய்யும் பெரிய பாதுகாப்பு. அக்காவின் கட்டி அந்த வகையில் அடங்கவில்லை; கருப்பைக் கழுத்தின் உட்திசு வரை பரவியிருந்ததால் நிணநீர்க் கணுக்கள் உள்ள பகுதியையும் சேர்க்க வேண்டியிருந்தது. காரணத்தைப் பரிசோதனை அறிக்கையில் விரல் வைத்துக் காட்டியே சொன்னார்கள்.

இனி திட்டமிடலுக்கு வருகிறேன். இந்தப் பிரிவின் பலமும் அங்கேதான் இருக்கிறது. கருப்பை போன பின் இடுப்புக்குள் ஏற்படும் வெற்றிடத்தில் சிறுகுடல் சரிந்து வந்து தங்கிவிடுகிறது. பழைய முறையில் முன், பின், இடம், வலம் என நான்கு திசைகளிலிருந்து கதிர் பாய்ச்சினால், அவை சந்திக்கும் பெட்டி வடிவப் பகுதிக்குள் அகப்பட்ட குடலுக்கும் முழு அளவு கதிர் கிடைத்துவிடும். ஐஎம்ஆர்டி முறையில், கருவியின் வாயிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு திசையிலும் கதிரின் செறிவை மாற்றுவதால், இரு பக்கமும் உள்ள கணுக்களைச் சூழ்ந்து நடுவில் குடல் இருக்கும் இடத்தில் கதிர் அளவு குழிந்து இறங்குகிறது. அதையே கருவி சுழன்றுகொண்டிருக்கும்போதே செய்து சில நிமிடங்களில் முடிப்பது விமேட். அக்காவுக்குத் தரப்பட்டது இதுதான்: 25 தவணைகளில் 45 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு).

இது வெறும் விளம்பரமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான டைம்-சி ஆய்வில், சிகிச்சையின் இறுதியில் அடிக்கடியோ அநேகமாக எந்நேரமுமோ வயிற்றுப்போக்கு இருப்பதாகச் சொன்ன பெண்கள் பழைய முறையில் 51.9 விழுக்காடு, ஐஎம்ஆர்டியில் 33.7 விழுக்காடு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் பார்சர் ஆய்வு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களைப் பற்றியது என்றாலும், இடுப்பின் நிலை ஒன்றுதான் என்பதால் இங்கும் பொருந்தும். அதில் மூன்றாண்டுக்குள் நடுத்தரமோ கடுமையோ ஆன குடல் பாதிப்பு 42.4 விழுக்காட்டிலிருந்து 21.1 ஆகக் குறைந்தது. பின்னதை நான் அதிகம் மதிக்கிறேன், ஏனென்றால் சிகிச்சை நாட்களின் வயிற்றுப்போக்கு ஓய்ந்துவிடும். ஆண்டுகள் கழித்து வரும் குடல் தொல்லை அவ்வளவு எளிதில் ஓயாது.

கேட்டுக்கொண்டதும் மருத்துவ இயற்பியலாளர் திட்டத்தைத் திரையில் திறந்து காட்டினார். குடல் உலவக்கூடிய வயிற்றறைப் பகுதியில் 45 கிரே பெறும் கன அளவு 195 கன சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அக்காவின் திட்டம் அதற்கு நன்றாகவே உள்ளே இருந்தது. சிறுநீர்ப்பை, மலக்குடல், தொடையெலும்பின் தலை ஆகியவற்றில் எவ்வளவு பகுதிக்கு எவ்வளவு கதிர் போகிறது என்று காட்டும் வளைகோடுகளையும் ஒவ்வொன்றாக விளக்கினார். பல திசைகளிலிருந்து கதிர் வருவதால் குறைந்த அளவு கதிர் உடலின் அகன்ற பரப்பில் படுகிறது என்ற குறையையும் அவர் மறைக்கவில்லை. இரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையின் பெரும் பங்கு இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் இருப்பதால், கீமோவும் சேரும் நோயாளிகளுக்கு இடுப்பெலும்புக்குத் தனி வரம்பு வைப்பதாகச் சொன்னார்.

திரையில் அழகாகத் தெரியும் திட்டம், உடல் தினமும் அதே நிலையில் இருந்தால்தான் பயன்படும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்படுகிறது. காலியானால் குடல் கீழே இறங்குவதோடு, கதிர் படவேண்டிய பிறப்புறுப்பு நுனியும் இடம் மாறுகிறது. அளவு செங்குத்தாக இறங்கும் ஐஎம்ஆர்டியில் இந்த மாற்றம் பழைய முறையைவிட ஆபத்தானது, ஏனெனில் குடல் கதிருக்குள் வரும், நுனி வெளியே போய்விடும். இதற்காக அவர்கள் நிறைந்த சிறுநீர்ப்பையுடன் ஒன்றும் காலியான நிலையில் ஒன்றுமாக இரண்டு சிடி ஸ்கேன்கள் எடுத்து, நுனி உலவும் முழு எல்லையையும் இலக்காக வரைந்தார்கள். பிறகு நாள்தோறும் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேசையில் படுத்ததும் கருவியிலேயே சிடி படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். மலக்குடலில் வாயு நிறைந்திருந்ததைப் படத்தில் பார்த்து, கதிரைத் தொடங்காமல் அக்காவை இறக்கிக் கழிப்பறைக்கு அனுப்பி, மறுபடி படம் எடுத்த நாட்களும் உண்டு. அக்காவுக்கு அது எரிச்சலாக இருந்தது. என் கணக்கில் இந்தப் பிரிவுக்கு அதிக மதிப்பெண் கிடைப்பது அதற்காகத்தான்.

அதே இடத்தில்தான் என் முதல் குறையும். தண்ணீர் குடிக்கச் சொன்ன நேரத்துக்கும் மேசைக்கு அழைக்கும் நேரத்துக்கும் அடிக்கடி பொருத்தமில்லை. முந்தைய நோயாளி தாமதித்தால் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்து, அக்கா நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பாதி கழித்துவிட்டு வாருங்கள் என்பார்கள், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு அது என்ன எளிதா? இவ்வளவு நுட்பமாகத் திட்டமிடுபவர்கள், வரிசை தாமதமாகிறது என்று காத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்ல ஓர் ஆளை வைக்கலாம்.

மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீட்டு விவகாரம் தனிக்கதை. அக்காவின் காப்பீட்டு நிறுவனம் முதலில் பழைய முப்பரிமாண முறைக்கு மட்டுமே ஒப்புதல் தந்தது. மருத்துவர் குடலுக்குப் போகும் கதிர் அளவுகளை ஒப்பிட்டு இரு திட்டங்களையும் இணைத்து நியாயக் கடிதம் எழுதிய பிறகே விமேட்டுக்கு இசைந்தது. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கான சிகிச்சை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயப் பயன்களில் அடங்கினாலும், எந்த நுட்பம் என்பதில் இழுபறி நடக்கத்தான் செய்கிறது. அலுவலகத்தில் இருந்த பெண்மணி சலிக்காமல் அதைத் தொடர்ந்து கவனித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உணவுத் தாள் நமக்காக எழுதப்பட்டதல்ல. நார்ச்சத்தைக் குறைக்கச் சொன்ன அத்தாளில் வெள்ளை ரொட்டி, மாஷ் செய்த உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தன. பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, கீரை பற்றி ஒரு சொல் இல்லை. சிகிச்சை புரட்டாசியில் வந்ததால் அக்கா மரக்கறி மட்டுமே சாப்பிட்டார். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பாதி வீடுகளில் அந்த மாதம் அடுப்பில் இருப்பது பீன்ஸும் பருப்பும் கீரையும்தான். அவை மலக்குடலில் வாயுவை நிறைக்கும், அன்றன்றைய படத்தையும் கெடுக்கும். உணவு ஆலோசகரிடம் நாங்களாகவே கேட்ட பிறகுதான் குழைய வேகவைத்த சோறு, தெளிந்த ரசம், மோர், பூசணிக்காய் என்று அவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டார். இவ்வளவு தமிழர் வந்து போகும் ஊரில் இது அச்சிலேயே இருக்க வேண்டும்.

இறுதியில் தரப்பட்ட பிராக்கிதெரபியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரிடியம்-192 என்னும் கதிர்மூலம் செல்லும் சிலிண்டர் வைத்து நுனிக்கு மட்டும் தருவதால், சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே அளவு விரைவாகக் குறைகிறது. பின்னர் பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் என்னும் விரிப்புக் கருவியைப் பயன்படுத்தும் முறையை, மூத்த நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கூச்சம் போக்கிச் சொல்லிக்கொடுத்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னதும் சரியே.

எந்த உறுப்புக்கு எத்தனை கிரே போனது என்னும் சிகிச்சைச் சுருக்கத்தை அவர்களாகத் தருவதில்லை. பின்னாளில் வயிற்றில் அறுவையோ மறுபடி கதிரோ தேவைப்பட்டால் அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே இங்கு செல்பவர்கள் கடைசித் தவணைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.