பாவாடை நாடாவும் ஸ்டோமா பையும்

பர்கூரில் இருக்கும் தோழிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் புண்ணாகிற நோய். மருந்துக்கு அடங்கவில்லை, பெருங்குடலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வயிற்றில் துளை போட்டு, மலம் சேர வெளியே நிரந்தரமாகப் பையா, சிறுகுடலையே மடித்துத் தைத்து உள்ளே வைக்கிற ஜே-பௌச்சா? எனக்குப் பை வைத்து வருஷங்கள் ஆகிவிட்டதால் என்னிடம் கேட்டாள்.

நிம்மதியைத்தான் முதலில் சொன்னேன். முன்பு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஓசூர் வருவதற்குள் வயிற்று அவசரத்தில் உயிர் போய்த் திரும்பும். இப்போது பெங்களூர் வரைக்கும் தூங்கிக்கொண்டே போகிறேன். ஜே-பௌச்சில் பழைய வழியாகவே போகலாம், வெளியே எதுவும் தெரியாது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகணும், ராத்திரியும் எழ வேண்டிவரும். பௌச்சைட்டிஸ் என்ற வீக்கம் பலருக்கு வரும், அதற்கு ஆன்டிபயாட்டிக் எடுக்கணும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மோரும் உப்பும் விடாமல் குடிக்கிறேன். பெருங்குடல் இல்லாத உடம்பில் தண்ணீரும் உப்பும் நிற்காது. நார் அதிகமுள்ள மாம்பழத்தைச் சாறாகப் பிழிந்துதான் குடிக்கிறேன், அடைப்புக்குப் பயந்து.

என் கோபமெல்லாம் ஸ்டோமா, அதாவது குடலை வெளியே எடுத்துவைத்த அந்தத் துளை, இருக்கிற இடத்தின் மேல்தான். ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் படுக்கவைத்தே குறி போட்டார்கள். உட்கார வைத்தோ, குனியச் சொல்லியோ, புடவை எங்கே கட்டுவாய் என்று கேட்டோ பார்க்கவில்லை. விளைவு, பாவாடை நாடா, பையைத் தோலோடு ஒட்டிவைக்கிற பேஸ் பிளேட்டின் விளிம்பிலேயே வந்து உட்காருகிறது. குனிந்து நிமிர்ந்தால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கிறது. தோலில் பட்டால் வெந்துபோகும். சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால், மூன்று நான்கு நாள் ஒட்டியிருக்க வேண்டிய பிளேட் மறுநாளே கழன்றுவிடும். ஒவ்வொன்றும் காசு. நாடாவை மேலே ஏற்றிக் கட்டினால் மூச்சு முட்டுகிறது, கீழே இறக்கினால் புடவை நிற்பதில்லை. கல்யாண வீடுகளுக்குக்கூட நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டா போக முடியும்? பெண்களுக்குக் குறி போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் எப்படிப் போட்டார்கள் என்று இன்னும் ஆறவில்லை.

தோழியிடம், நீ பாவாடை கட்டிக்கொண்டே போ, உட்கார்ந்தும் குனிந்தும் காட்டு, நாடாவுக்குக் கீழே, உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குறி போடச் சொல் என்றேன். எனக்குப் பையில் திருப்திதான், எடுத்துவிடுகிறோம் என்றாலும் விடமாட்டேன். ஆனால் இந்த வாரம் தோல் எரிகிற எரிச்சலில் அவள் மறுபடி கேட்டபோது, ஜே-பௌச்சே வைத்துக்கொள்ளடி என்றுதான் வாயில் வந்தது.