பழைய பொலேரோ பிக்கப்புக்கு மைலேஜ்: பம்ப் கடையா, டயர் கடையா, ஓட்டுநரின் காலா?

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் பிக்கப் லிட்டருக்கு 11 கொடுத்தால் ஏறக்குறைய 273 லிட்டர் டீசல் வேண்டும். 13 கொடுத்தால் 231 லிட்டர் போதும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் மாதத்துக்கு 3,800 ரூபாய்க்கு மேல். இந்த இரண்டு கிலோமீட்டரைத் தேடித்தான் பழைய வண்டிக்காரர்கள் பட்டறை பட்டறையாக அலைகிறார்கள். எஞ்சினின் டீசல் பம்ப்பைப் பழுதுபார்க்கும் பம்ப் கடைக்காரர் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போய்விட்டது என்பார், டயர் கடைக்காரர் ரேடியல் டயர் மாட்டச் சொல்வார், நண்பர் ஒருவர் டீசலில் ஊற்றும் பாட்டிலை நீட்டுவார். அவரவருக்கு அவரவர் சரக்கு. கையில் இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதுதான் கேள்வி.

2,523 சிசி எஞ்சின் கொண்ட பழைய பொலேரோ பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். முந்தைய வண்டிகளில் மெக்கானிக்கல் பம்ப், பிந்தையவற்றில் காமன் ரெயில், அதாவது ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் முறை. இந்த வேறுபாடு பம்ப் கடைச் செலவை அடியோடு மாற்றிவிடும்.

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் நாசில் சோதனை கண்ணுக்குத் தெரியும் சோதனை. நாசிலைக் கழற்றி, கையால் அடிக்கும் சோதனைக் கருவியில் மாட்டி லீவரை அழுத்துவார்கள். நல்ல நாசில் கிரீச்சென்ற சத்தத்தோடு புகைபோலப் பீய்ச்சும். அடித்து முடித்ததும் முனை காய்ந்திருக்கும். கெட்டது கோடாக ஒழுகும், முனையில் ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு சிலிண்டருக்குள் சரியாக எரியாமல் கரும்புகையாகப் போகிற டீசல். காமன் ரெயிலில் வேறு வழி: டீசல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் மிஞ்சிய டீசல் திரும்பிவரும் ரிட்டர்ன் குழாய்களை நான்கு பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்மீதுதான் முதல் சந்தேகம். இதைச் செய்து காட்டாமலே நான்கையும் மாற்றச் சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆனால் கரும்புகை என்றாலே நாசில் என்று முடிவு கட்டக் கூடாது. புகை என்பது காற்றுக்கும் டீசலுக்கும் இடையிலான கணக்குப் பிழை. டீசல் கூடினாலும் கறுக்கும், காற்று குறைந்தாலும் கறுக்கும். அடைத்த ஏர் ஃபில்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெடிப்பு, இரண்டுமே அதே புகையைத் தரும். ஹோஸ் வெடித்த இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். விரலால் தடவினாலே ஒட்டும். இது சில நூறு ரூபாய் வேலை. இன்ஜெக்டர் பல ஆயிரம்.

புகையே இல்லை, ஆனாலும் மைலேஜ் இல்லை என்றால் பம்ப் கடைப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. பழைய பிக்கப்புகளில் பெரும்பாலும் திருட்டு நடப்பது சக்கரத்தில். பின் டிரம் பிரேக்கை இறுக்கமாக வைத்துவிடுவார்கள், அல்லது முன் டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் இருக்கும் ஊசி துருப்பிடித்து பிரேக் பேடு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் சுடுவது தெரியும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொரு திருடனை நம் பட்டறைகளே உருவாக்குகின்றன. எஞ்சின் சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்பார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் அந்த வால்வு ஏறக்குறைய 80 டிகிரியில்தான் திறக்கும். அதுவரை எஞ்சின் விரைவாகச் சூடேற உதவும். அது இல்லாத வண்டியில் வெப்பமானியின் முள் நடுவுக்கே வராது. ஆயில் தடிப்பாகவே ஓடும், வெப்பம் ரேடியேட்டர் வழியே வீணாகும். குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது பெரிய நஷ்டம். வால்வின் விலையோ சொற்பம்.

டயரில் நைலானா ரேடியலா என்ற போட்டிக்கு ஒரே பதில் கிடையாது. ரேடியல் உருளும்போது வளைந்து வீணாகும் சக்தி குறைவு. தார்ச்சாலையில் மைலேஜ் அதன் பக்கம்தான். கல்குவாரி, முள்காட்டுப் பாதை, அளவுக்கு மீறிய பாரம் என்றால் ரேடியலின் பக்கச் சுவர் கிழிந்து, மிச்சம் பிடித்த டீசல் காசு புது டயருக்குப் போய்விடும். ஓட்டம் தேயாத நைலானைக் கழற்றிப் போட்டுவிட்டு ரேடியல் வாங்குவதும் வீண். காற்றைக் குளிர்ந்த டயரில், பாரத்துக்கு ஏற்ற அளவில் பிடிப்பது எந்த டயருக்கும் பொது.

பாட்டில், காந்தம், ஹைட்ரஜன் கிட் வகையறாவுக்கு அதிக இடம் ஒதுக்கப் போவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை மதிப்பிட்டோ சோதித்தோ பார்த்தும் மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டியது என்று எதையும் சொல்லவில்லை. பாட்டிலைச் சீட்டேன் (டீசல் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதைக் காட்டும் எண்) கூட்டும் மருந்து என்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் பிஎஸ்6 டீசலுக்கே குறைந்தது 51 சீட்டேன் இருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றும் ரீமேப்பிங் காமன் ரெயில் வண்டிக்கு மட்டுமே. அது இழுவையைக் கூட்டும். பழைய கிளட்ச் பிளேட் அதைத் தாங்குமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வைக் கரி நீக்கிச் சுத்தம் செய்வது நல்லது, அடைப்பது தவறு. அடைத்தாலும் புகைச் சோதனையில் தெரியாது என்பதால்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

மற்ற எல்லாவற்றையும் தோற்கடிப்பது ஓட்டுநரின் வலது கால். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 60இலிருந்து 80க்குப் போனால் 1.78 மடங்கு. மேலே கம்பிக் கூண்டு அடித்து, தார்ப்பாய் படபடக்க ஓடும் பிக்கப்புக்கு இந்த எதிர்ப்பு காரைவிடப் பெரிது. 120 கிலோமீட்டர் பயணத்தில் 80 வேகம் மிச்சப்படுத்துவது அரை மணி நேரம். ஒட்டன்சத்திரம் சந்தை ஏலத்துக்குத் தக்காளி ஏற்றிப்போகிறவருக்கு அந்த அரை மணி டீசலைவிட மதிப்பானதாக இருக்கலாம். காலி வண்டியோடு திரும்பும்போது அந்த நியாயம் கிடையாது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் இதை மறுநாளே அமல்படுத்தலாம். சம்பள ஓட்டுநருக்கோ டீசல் முதலாளியுடையது, நேரம் தன்னுடையது. இறங்கிவந்து சீக்கிரம் வீடு போகத்தான் பார்ப்பார்.

அதனால் சிலர் மிச்சமாகும் டீசலில் ஓட்டுநருக்குப் பங்கு தருகிறார்கள். டேங்கை வாயளவு நிரப்பி, மறுபடி அதே பெட்ரோல் பங்க்கில் வாயளவு நிரப்பிக் கணக்கு எழுதினால் இது சரியாக நடக்கும். ஆனால் பங்கு கிடைக்கும் என்றதும் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதில் டீசலும் மிச்சமாகாது. கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் நின்றுவிடாமலிருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடேறும். பங்கு பேசும்போதே ஓட்டுநரிடம் இதையும் பேசிவிடுங்கள்.