ஒரு கிலோமீட்டர் இழை, நாற்பது அடுக்கு: ஒரு சுருள் சுற்றும் சேவையைப் பற்றி

எங்கள் ஆய்வகத்தில், சுழற்சியை ஒளியால் அளக்கும் கருவியான ஒளியிழை கைரோஸ்கோப்புக்குத் தேவையான இரண்டு சுருள்களைச் சென்ற ஆண்டு ஒரு சிறிய பட்டறையிடம் கொடுத்துச் சுற்றி வாங்கினோம். 80 மைக்ரான் பருமனுள்ள, ஒளி அலை அதிரும் திசையை (முனைவாக்கத்தை) மாறாமல் காக்கும் பாண்டா வகை இழை, ஒரு கிலோமீட்டர் நீளம், 100 மில்லிமீட்டர் சராசரி விட்டம், 40 அடுக்கு, குவாட்ரபோல் முறை என்று கேட்டிருந்தோம். அடுக்குக்கு ஏறத்தாழ 80 சுற்று வரும். 1,550 நானோமீட்டர் அலைநீள ஒளியில், இப்படிப்பட்ட சுருளுக்குள் பூமியின் சுழற்சி உண்டாக்கும் கட்ட வேறுபாடு (எதிரெதிர்த் திசைகளில் ஓடிவரும் இரு ஒளிக்கற்றைகளின் அலைகளுக்கு இடையே விழும் விலகல்) ஒரு ரேடியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அவ்வளவு நுண்ணியதை அளக்க வேண்டிய கருவியில் சுற்றுபவரின் கைச்சுத்தத்துக்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது.

குவாட்ரபோல் முறையை வலியுறுத்தக் காரணம் உண்டு. இழையின் ஓரிடத்தில் வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கும்போது, எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு ஒளிக்கற்றைகளும் அந்த இடத்தை வெவ்வேறு நேரத்தில் கடப்பதால், அசையாமல் இருக்கும் கருவியும் தான் சுழல்வதாகக் காட்டிவிடும். 1980-இல் ஷூப் என்ற ஆய்வாளர் விளக்கிய இந்தப் பிழை, நடுப்புள்ளியிலிருந்து விலக விலகப் பெரிதாகும். ஆகவே இழையின் இரு பாதிகளையும் இரு ஸ்பூல்களில் ஏற்றி, நடுப்புள்ளியிலிருந்து தொடங்கி, முதல் பாதியால் ஓர் அடுக்கு, இரண்டாம் பாதியால் இரண்டு, மீண்டும் முதல் பாதியால் இரண்டு என்று மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். நடுவிலிருந்து சம தொலைவில் உள்ள பகுதிகள் இப்படி அருகருகே அமர்ந்து, வெப்ப மாற்றத்தை ஏறக்குறைய ஒன்றாகவே பெறுவதால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

பட்டறைக்கு நேரில் சென்று ஒரு நாள் முழுவதும் வேலையைப் பார்த்தேன். இழை போய் அமரும் இடத்தைக் கேமரா பெரிதாக்கித் திரையில் காட்ட, இயந்திரத்தை இயக்கிய அம்மையார் அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பன்னிரண்டாம் அடுக்கில் இரு சுற்றுகளுக்கு நடுவே இழையின் பாதிப் பருமன் அளவுக்கு இடைவெளி விழுந்தது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அந்த இடைவெளியை அப்படியே விட்டிருந்தால், மேலே வரும் இழை அதற்குள் இறங்கி, அடுத்தடுத்த அடுக்குகளெல்லாம் வரிசை குலைந்திருக்கும். அவர் இயந்திரத்தை நிறுத்தி, எட்டுச் சுற்றுகளைப் பிரித்தெடுத்து, சில கிராம் அளவே உள்ள இழுவிசை மாறாமல் நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகுதான் மறுபடி தொடங்கினார். அடுக்கு முடிந்து இழை மேலேறும் ஓரங்களில் இயந்திரத்தின் வேகத்தை நம்பாமல் கையாலேயே சக்கரத்தைத் திருப்பினார். இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த அம்மையாரின் பொறுமைக்கே உரியது.

சுற்றுவதில் காட்டிய அக்கறையை, சுற்றிய இழையைப் பிடித்து நிறுத்தும் பசையில் காட்டவில்லை. முதல் சுருளைக் குளிர்பெட்டியில் வைத்து உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனதும் முனைவாக்கக் கலப்பு (ஒரு திசையில் அதிரும் ஒளி மற்றத் திசைக்குக் கசிவது) சட்டென்று ஏறியது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுருளிலிருந்து இழை வெளியே வரும் இடத்தில் பசை கூரிய விளிம்பாக இறுகி, குளிரில் சுருங்கி, இழையை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினோம். தவற்றை ஒப்புக்கொண்டு, இரண்டாம் சுருளில் அந்த இடத்துக்கு மென்மையான பசையைப் பயன்படுத்தினார்கள். அது எங்கள் வெப்பச் சோதனைகளில் கலங்காமல் நின்றது. முதல் சுருளுக்கு ஈடு எதுவும் தரவில்லை என்பது வருத்தமே. அடுக்குவாரியான இழுவிசைப் பதிவையும் மூன்று முறை கேட்ட பிறகே அனுப்பினார்கள். அந்தப் பதிவு இல்லாமல், பின்னால் ஒரு பிழை தோன்றினால் எந்த அடுக்கைச் சந்தேகிப்பது?

இதே பட்டறையில் இன்னும் நான்கு சுருள்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பசையின் வகை, இழை வெளியேறும் இடத்தின் வளைவு, அடுக்குப் பதிவு ஆகிய மூன்றையும் இம்முறை ஆணையிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டோம்.